டார்சிக்கு ஒரு ஜோடி

தட்டில் ஆறு பெரோகி இருந்தன, இரண்டிரண்டாக மூன்று வரிசை. மார்வின் பொடால்ஸ்கி அவற்றைத் தின்னாமல் முள்கரண்டியால் இடம் மாற்றிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு அடைத்த அந்தக் கொழுக்கட்டைகளின் மேல் ஊற்றிய வெண்ணெய் உறையவே ஆரம்பித்துவிட்டது.

"திங்கறதுக்கு வச்சேன். தாயம் ஆடறதுக்கு இல்ல," என்றாள் அவர் மனைவி ஐரீன்.

"கொஞ்சம் பொறு. இது கர்ட், இது கென்ட். இவங்களைப் பிரிக்க முடியாது. இது லைல், இது ப்ரென்ட். இவங்களும் ஒருத்தருக்கொருத்தர் பழகிட்டாங்க. இது டார்சி. டார்சி பக்கத்துல இது…"

ஐரீன் அந்தக் கடைசிப் பெரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, அது க்ளென்!"

"க்ளென்தான் கெலோனாவுக்குப் போயாச்சே. இன்னும் எத்தனை நாளைக்கு அவனைத் தட்டுல வச்சுக்கிட்டு இருப்பே?"

மார்வின் டார்சிக்குப் பக்கத்தில் காலியாகிவிட்ட இடத்தையே பார்த்தார்.

எங்கள் வெஸ்லோ ஊரின் பேட்ஜர்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு மார்வின்தான் கோச். பகலில் ஹார்டுவேர் கடை, சாயங்காலம் ஐஸ் அரங்கு. அணி என்றால் பெரிய சூரர்கள் கிடையாது. கோதுமை போடுகிறவர்கள், பன்றி வளர்க்கிறவர்கள், தபால் ஆபீஸ்காரர், இவர்கள்தான் இருட்டியதும் ஸ்கேட் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். இருந்தாலும் எங்கள் சஸ்காட்சுவன் மாகாணத்தில் ஓர் ஊர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்த அரங்கில் எரிகிற விளக்குதான் சாட்சி. அணி கலைந்தால் இந்தக் குளிர்காலத்துக்கு அரங்கையே மூடிவிடுவோம் என்று ஊர் சபை கறாராகச் சொல்லிவிட்டது.

அந்த அணியின் கோல் பக்கத்தைக் காப்பவர்கள் ஆறு பேர். அவர்களில் கெட்டிக்காரன் டார்சி லிண்ட்க்விஸ்ட். கர்ட்டும் கென்ட்டும் அவனுடைய சித்தப்பா பிள்ளைகள். டார்சி போனால் அவர்களும் போவார்கள். மூன்று பேர் போனால் லீக் விதிப்படி ஆள் போதாது, அணி கலைந்துவிடும். ஆக மொத்தம் ஊரின் குளிர்காலம் முழுவதும் டார்சி என்ற ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மார்வினுக்கு இது இரவும் பகலும் நெஞ்சில் கனத்தது.

இந்தத் தடுப்பாட்டக்காரர்கள் ஜோடியாகத்தான் ஐஸில் இறங்குவார்கள், ஜோடியாகத்தான் ஏறுவார்கள். உடை மாற்றும் அறையில் அடுத்தடுத்த ஆணி. வெளியூர் ஆட்டமென்றால் ஒரே கார். புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை என்று ஐரீன் சொல்வாள்.

டார்சியும் க்ளென் மக்கேயும் பதினாலு சீசன் ஜோடி. க்ளென் ஒரு பேச்சுக்காரன். அறையில் ஆரம்பித்தால் ஐஸில் தொடர்ந்து, பெஞ்சில் மூச்சு வாங்கும்போதும் விடாமல், காரில் ஊர் வந்து சேர்கிறவரை பேசுவான். அவனுடைய ரத்தக் கொழுப்பு அளவு, மருமகனின் சோம்பேறித்தனம், நடுரோட்டில் கடமான் வந்து நின்ற கதை. டார்சி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான். இப்படியும் இரண்டு பேருக்குள் ஒரு நட்பா என்று ஊரே வியந்தது.

டார்சி ஐஸுக்கு வெளியே பரம சாது. ஐஸில் மட்டும் ஆள் வேறு. யாரையாவது தடுக்கிவிடுவான், மட்டையால் இடிப்பான். வருஷா வருஷம் லீக்கிலேயே அதிகத் தடவை தண்டனை வாங்கி, எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் தனியாக இரண்டிரண்டு நிமிஷம் உட்கார்ந்தது அவன்தான். ஆட்டத்தின் மேல் அவ்வளவு வெறி என்று மார்வின் பெருமையாகச் சொல்வார்.

இந்த வருஷம் பனி உருகியதும் க்ளென் பென்ஷன் வாங்கிக்கொண்டு, மனைவி பாமுடன் கெலோனாவில் ஏரிக்கரையோரம் குடிபோய்விட்டான். அவன் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி, மலையெல்லாம் தாண்டி அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனது டார்சி. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்று க்ளென் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை. க்ளெனும் பாமும் முன்னால் காரில் போக, டார்சி லாரியில் தன்னந்தனியாக. அதுவும் விதைப்பு நேரத்தில், சொந்த வயலை அப்படியே போட்டுவிட்டு. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் காபிக் கடையில் கண்கலங்காத ஆளே கிடையாது.

அறுவடை முடிந்த வாரத்தில் ஒருநாள் டார்சி ஹார்டுவேர் கடைக்கு வந்தான். வந்தவன் வெகுநேரம் ஆணி டப்பாக்களுக்கு முன்னால் நின்றான். கடைசியில் ஒரு கீலை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தான்.

"கதவு எதாவது விழுந்துடுச்சா?" என்றார் மார்வின்.

"இல்ல." கீலைத் திறந்து மூடினான். "மார்வ், அந்த ஜோடி விஷயம். க்ளென் போனதுலேர்ந்து எனக்கு… எப்படிச் சொல்றதுன்னு தெரியல…"

எங்கள் ஊரில் ஓர் ஆள் பேச்சில் தடுமாறினால், மிச்சத்தை நாமே சொல்லி அவனைக் காப்பாற்றிவிடுவதுதான் மரியாதை. மார்வின் மரியாதை தெரிந்தவர். கல்லாவைச் சுற்றி வந்து டார்சியின் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணும் சொல்லாதே. எனக்குத் தெரியும்பா."

"தெரியுமா?"

"பதினாலு சீசன். எனக்குத் தெரியாதா?"

டார்சி அவரையே பார்த்தான். அவன் முகத்தில் இத்தனை நிம்மதியை மார்வின் அதுவரை கண்டதில்லை. "கவனிச்சிருக்கியா? நான் யாருக்குமே தெரியாதுன்னு நெனச்சேன்."

"கவலையை விடு. நான் பாத்துக்கறேன்."

டார்சி கீலை மறந்துவிட்டுப் போனான். மார்வின் அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கடையின் பின்பக்கம் போய் மூக்கைச் சிந்தினார்.

புதிதாக அணிக்கு வந்திருந்தவன் கார்னி வீப், பன்றி வளர்க்கிற மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரன். ஆள் கதவு அகலம் இருப்பான். பேச்சு மட்டும் தேறாது. வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவான், ஆட்டத்தில் ஜெயித்தால் அதே தலையைக் கொஞ்சம் வேகமாக ஆட்டுவான். வேறு ஆள் இல்லாததால் மார்வின் அவனை டார்சிக்கு ஜோடியாகப் போட்டு, பிராண்ட்விக் ஊரில் நடந்த பயிற்சி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

வெஸ்லோ ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தது. பிராண்ட்விக்கை அவர்கள் ஊரிலேயே ஜெயித்து வெகுகாலமாகிறது. எல்லோரும் குதித்தார்கள். மார்வின் மட்டும் குதிக்கவில்லை. அவர் ஆட்டம் முழுக்க டார்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்சியும் கார்னியும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸில் பேசவில்லை, பெஞ்சில் பேசவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். அதைவிடக் கொடுமை, டார்சி ஒரு தடவைகூடத் தண்டனை வாங்கவில்லை. இடித்த ஆளைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"நெருப்பு அணைஞ்சுபோச்சு," என்று மார்வின் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து அறைக்குள் போனபோது டார்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். தோள்கள் குலுங்கின. ஊர் திரும்பும்போது மார்வினின் பிக்கப் வண்டி அவர்கள் காருக்குப் பின்னாலேயே வந்தது. முன்னால் இரண்டு தலைகள், வேலிக்கம்புகள் மாதிரி அசையாமல். பாதி வழியில் டார்சியின் தலை கார்னி பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பியது, வாய் அசைந்தது. பிறகு தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கார்னியின் தலை திரும்பவே இல்லை.

"மனசு விட்டு ஏதோ சொல்றான், அந்தத் தடியன் திரும்பிக்கூடப் பார்க்கல," என்று வீட்டில் பொங்கினார் மார்வின்.

"ஜெயிச்சீங்களா இல்லையா?" என்றாள் ஐரீன்.

"ஜெயிச்சோம். ஆனா இப்படியே போனா டார்சி தாங்கமாட்டான்."

மறுநாள் காலையிலேயே அவர் கார்னியின் பன்றிக்கொட்டகைக்குப் போய்விட்டார். கார்னி தீவனம் அள்ளிக்கொண்டிருந்தான்.

"கார்னி, நேத்து கார்ல நடந்ததை நான் பின்னாலேர்ந்து பார்த்தேன்."

கார்னி நிமிர்ந்தான். "கோச், அது வந்து, அவரு என்ன சொன்னாருன்னா…"

"வேணாம்." மார்வின் கையைத் தூக்கினார். "ஒரு மனுஷன் அழுதுகிட்டே சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாது. அது உங்களுக்குள்ள இருக்கட்டும்."

கார்னி வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது சுலபமான காரியம்.

"இனிமே நீ பேசணும், கார்னி."

"என்ன பேசறது?"

"எதையாவது. வாய் ஓயக்கூடாது. அவன் காதுல ஏதாவது விழுந்துகிட்டே இருக்கணும், புரியுதா? பதினாலு சீசன் பழக்கம்."

"எனக்குப் பன்னியைப் பத்தித்தான் தெரியும், கோச்."

"பன்னியைப் பத்திப் பேசு! யாரு வேணாங்கறா?"

கார்னி சொன்ன சொல் தட்டாதவன். அடுத்த பயிற்சியில், தன் வாழ்நாளில் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரே சாயங்காலத்தில் பேசி முடித்தான்.

"பன்னிக்கு வயித்தால போனா ரெண்டு வகை," என்று டார்சியின் பக்கத்தில் சறுக்கிக்கொண்டே சொன்னான். "ஒண்ணு மஞ்சளா போகும்."

டார்சி திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இன்னொண்ணு தண்ணியா போகும்."

டார்சி மட்டை முனையில் இருந்த பந்தை, அதாவது அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை, நேராகச் சொந்த கோலுக்குள் அடித்தான். அவனுடைய வாழ்க்கையில் அது முதல் தடவை. கோல்கீப்பர் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

மார்வின் பெருமூச்சு விட்டார். கார்னியின் பேச்சில் உயிர் இல்லை என்பது அவருடைய முடிவு. டார்சிக்கு வேண்டியது பிறவிப் பேச்சுக்காரன். ஊரில் அப்படி ஒருவன் இருந்தான், அணியிலேயே இருந்தான். லைல் ஸ்ட்ரக்கன், மாட்டுச்சந்தையில் ஏலம் விடுகிறவன்.

"ப்ரென்ட்டையும் லைலையும் பிரிச்சா ப்ரென்ட் என்ன செய்வான்?" என்று ஐரீன் கேட்டாள்.

"கார்னியோட ஆடட்டும்."

"ரெண்டு பேரும் இடது பக்கத்து ஆளுங்கன்னு நீதானே சொன்னே?"

"ஊருக்காக ஒருத்தன் வலது பக்கம் போகமாட்டானா?"

போகவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு பேரும் இடது பக்கமே பாய்ந்து மோதிக்கொண்டதில், தபால் ஆபீஸ் ப்ரென்ட்டுக்கு விலா எலும்பு வீங்கி, ஊருக்குத் தபால் வருவது தாமதமாயிற்று. மின்சார பில் வராததைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

லைலை மார்வின் வீட்டுக்கே கூப்பிட்டு உட்கார வைத்துத் தயார் செய்தார். கொழுப்பு அளவு பற்றிப் பேச வேண்டும். மருமகனைத் திட்ட வேண்டும்.

"எனக்கு மருமகனே இல்லையே, மார்வ். எனக்குப் பொண்ணே இல்ல."

"க்ளென் மருமகனைத் திட்டு. டார்சிக்கு அவனைத்தான் பழக்கம். அப்புறம் அந்தக் கடமான் கதை. அதுல கடமான் ரோட்டுல நின்னதும் க்ளென் ஹாரன் அடிப்பான், நினைவு வச்சுக்கோ. நீயும் வாயால அடிக்கணும்."

அடுத்த பயிற்சி ஆட்டம் எங்கள் ஊர் அரங்கிலேயே நடந்தது. லைல் குறை வைக்கவில்லை. கடமான் கதையை முதல் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, விஷயம் தீர்ந்துபோனதால், ஆட்டத்தையே ஏலம் விட ஆரம்பித்தான்.

"இதோ வர்றான் வர்றான் இடது பக்கமா வர்றான், நல்ல தோள், நல்ல கால், யாரு கேக்கறது, டார்சி நீ கேக்கறியா, ஒரு தரம், விட்டுடாதே டார்சி, ரெண்டு தரம்…"

மூணாவது தரத்தில் கோல் விழுந்தது.

டார்சி மெல்லத் திரும்பினான். அருகில் சும்மா சறுக்கிப் போய்க்கொண்டிருந்த எதிரணி ஆள் ஒருவனைக் காலை வாரிவிட்டான். நடுவர் விசில் ஊதினார். டார்சி தண்டனைக் கூண்டுக்குப் போய் உட்கார்ந்து கதவைத் தானே சாத்திக்கொண்டான். இரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்தான். லைல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். டார்சி அடுத்த ஆளைத் தேடிப்போய் இடித்தான். ஒரு கட்டத்தில் நடுவர் விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே கூண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

"நெருப்பு வந்துடுச்சு. ஆனா கட்டுக்கடங்காம எரியுது," என்றார் மார்வின் வேதனையோடு. அன்று படுதோல்வி.

மறுநாள் டார்சி கடைக்கு வந்தான். இந்தத் தடவை கீல் வாங்குகிற பாவனைகூட இல்லை. நேராகக் கல்லாவுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மார்வ், நான் விலகிக்கறேன்."

மார்வினின் கண்முன் அரங்கின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"கர்ட்டும் கென்ட்டும்?"

"அவங்களும் வரமாட்டாங்க. மன்னிச்சுக்கோ. என்னால முடியல. நீ அன்னிக்குத் தெரியும்னு சொன்னே, நான் நம்பிட்டேன். ஆனா நாளுக்கு நாள் மோசமாத்தான்…"

"டார்சி, இங்க பாரு." மார்வின் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான். ஒப்புக்கு ஆளைப் போட்டு உன்னை ஏமாத்தப் பார்த்தேன். நிஜத்துக்குப் பதிலா நகல் கொடுத்தா மனசு ஒத்துக்குமா? நான் க்ளெனையே கூப்பிடறேன்."

டார்சியின் தொப்பி கீழே விழுந்தது.

"வேணாம், மார்வ்."

எங்கள் ஊரில் காபி வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவை வேண்டாம் என்பது வழக்கம். அதற்குமேலும் ஒருவன் வேண்டாம் என்றால், அவன் எத்தனை தாகத்தில் இருக்கிறான் என்பதைக் கேட்டவன்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

"கூப்பிட்டா வருவான், டார்சி."

"வேணாம். அவன் அங்க நல்லா இருக்கட்டும்."

"உனக்காக வருவான்."

"சத்தியமா வேணாம்."

"ஒரே ஒரு போன்தான்."

"மார்வ், உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வேணாம்."

"இந்த சீசனுக்கு மட்டுமாவது."

"வேணாம்னு சொல்றேனே!" டார்சியின் குரல் உடைந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

மார்வின் அதற்குமேல் கேட்கவில்லை. இவ்வளவு ஆசை இருந்தும், நண்பனின் நிம்மதிக்காக அதை விழுங்குகிறானே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. "போ டார்சி. போய்ப் படு. முதல் மேட்ச்சுக்கு மட்டும் வந்துடு, அதுக்கப்புறமும் விலகணும்னா விலகிக்கோ," என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, டெலிபோனை எடுத்தார்.

"மார்வ்!" என்றான் க்ளென். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்க எல்லாம் இருக்குப்பா. ஏரி இருக்கு, ஆப்பிள் இருக்கு, ஜனவரியில மழை பெய்யுமாம். பேசத்தான் ஆளில்ல. பக்கத்து வீட்டுக்காரன் நல்லவன்தான், நான் வந்த மறு வாரமே வேலி போட்டுட்டான், ஆள் உயரத்துக்கு. என் கொழுப்பு இப்ப…"

"க்ளென், டார்சிக்கு உடம்பு சரியில்ல. மனசு சரியில்ல."

மறுமுனையில் முதல் முறையாகப் பேச்சு நின்றது.

"என்னைக் கூப்பிடச் சொன்னானா?"

"இல்ல. வேணாம்னான்."

"எத்தனை தடவை?"

"அஞ்சு."

"அஞ்சு தடவையா!" க்ளென் விசும்பினான். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே. "பதினாலு சீசன் அவன் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வரல, மார்வ். மனசுல இவ்வளவு வச்சிருக்கான் பாரு. பாம்! ஏ பாம்! பெட்டியைக் கட்டு!"

முதல் ஆட்டத்தன்று அரங்கில் நிற்க இடமில்லை. விஷயம் காபிக் கடை வழியாக ஊர் முழுக்கப் பரவியிருந்தது, டார்சியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனிடம் யாரும் மூச்சு விடவில்லை. அன்று உடை மாற்றும் அறை வாசலில் ஐரீன்கூடக் கைக்குட்டையோடு வந்து நின்றாள்.

டார்சி தன் இடத்தில் உட்கார்ந்து ஸ்கேட் கட்டிக்கொண்டிருந்தான். இதுதான் கடைசி ஆட்டம் என்று தீர்மானித்துவிட்டவனைப் போல முகத்தில் ஓர் அமைதி இருந்தது. கர்ட்டும் கென்ட்டும் அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது.

"ஹாரனை ஒரே அழுத்தா அழுத்தறேன், கடமான் நகரவே இல்ல மாப்ள!" என்றான் க்ளென், வசந்தத்தில் விட்ட இடத்திலிருந்து.

டார்சியின் கையில் ஸ்கேட் கயிறு அறுந்தது.

அவன் மெல்ல நிமிர்ந்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. க்ளென் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

"ஒண்ணும் பேசாதே. மார்வ் எல்லாம் சொல்லிட்டான். அஞ்சு தடவை வேணாம்னியாமே! உன்னைப் போய்ப் புரிஞ்சுக்காம இருந்தேன் பாரு. ஒரு சீசனுக்குன்னுதான் மார்வ் கேட்டான். நான் சொன்னேன், சீசனாவது மண்ணாவது, கெலோனா வீட்டையே வித்துட்டேன். நேத்துதான் பத்திரம் முடிஞ்சுது. உன் வயலுக்குப் பக்கத்துல பழைய ஸ்கூல் வாத்தியார் வீடு காலியா இருக்காமே, அதை வாங்கியாச்சு. வேலிகூடக் கிடையாது!"

டார்சி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அறையே தேம்பியது. லைல்கூட வாயடைத்துப்போய் நின்றான். ஐரீன் மார்வினின் கையைப் பிடித்து அழுத்தினாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"டார்சி," என்றார் மார்வின் தழுதழுத்த குரலில். "இனிமே விலகறேன்னு சொல்லமாட்டியே?"

டார்சி கையை எடுத்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். அழுகிற அணியைப் பார்த்தான், வாசலில் அழுகிற ஊரைப் பார்த்தான், தன் தோளில் இருந்த க்ளெனின் கையைப் பார்த்தான்.

"இனிமே எப்படி மார்வ் விலகறது?" என்றான்.

கர்ட்டும் கென்ட்டும் ஸ்கேட் கட்ட ஆரம்பித்தார்கள். அணி பிழைத்தது, அரங்கு பிழைத்தது, ஊருக்குக் குளிர்காலம் கிடைத்தது. மார்வினுக்குப் பல வாரங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போயிற்று.

ஆட்டம் தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே டார்சி, க்ளெனின் மருமகன் கதை பாதியில் இருக்கும்போது, எதிரணி ஆள் ஒருவனைச் சுவரோடு சேர்த்து இடித்தான். விசில் வருவதற்கு முன்பே கூண்டுக்குப் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"பாத்தியா கார்னி!" என்று மார்வின் பெஞ்சில் பக்கத்திலிருந்தவனின் முதுகில் அறைந்தார். அவர் கன்னமெல்லாம் ஈரம். "நெருப்பு திரும்பிடுச்சு! இதுதான்டா பாசம்! சாமான் லாரியைத் தனியா ஓட்டிக்கிட்டுப் போனவன்டா அவன்!"

கார்னி கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"அன்னிக்குக் கார்ல அவரு சொன்னதும் அதைத்தான், கோச். 'லாரியை நானே ஓட்டிக்கிட்டுப் போனதைப் பாசம்னு ஊரே பேசுது, கார்னி. அவன் நிஜமாவே அங்க குடியேறிட்டானான்னு என் கண்ணால பார்க்காம எனக்குத் தூக்கம் வந்திருக்காது'ன்னாரு."